காசு கட்டிய பிறகு நோகக் கூடாதா

தம்பி, இதை வேலையிடத்தில் நின்றபடி வாசிக்காதே. வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, ஆறுதலாக இருந்து வாசி. தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்றுதான் நேற்று முழுக்க நினைத்தேன். ஆனால் நான் பாதி சொல்லும்போதே நீ "பரவாயில்லை அம்மா, நான் பாக்கிறன்" என்பாய். அதற்குப் பிறகு மிச்சத்தைச் சொல்ல எனக்கு வாய் வராது. சின்ன வயதிலிருந்தே உன்னிடம் ஒன்றை முழுசாகச் சொல்லி முடிப்பது எனக்குப் பெரும் பாடு. அதனால்தான் மின்னஞ்சலில் எழுதுகிறேன்.

சுற்றி வளைத்தால் நீ நேரே கடிதத்தின் கடைசிப் பந்திக்கு ஓடுவாய் என்று தெரியும், ஆகவே விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் தங்கச்சி ஆரணிக்கு முழங்கால் நோகிறது. ஒரு மாதத்துக்கு மேலாக நோகிறது. உனக்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை, அவளுடைய பயிற்சியாளர் பிரிட்டாவுக்கும் சொல்லவில்லை. வியாழக்கிழமை காலை அவளை அமெரிக்காவுக்குக் கூட்டிக்கொண்டு பறக்க நீ பிராங்பேர்ட் விமான நிலையத்தில் காத்திருக்கப் போகிறாய். அதே வியாழக்கிழமை காலை, இங்கே எசனில், அந்த முழங்காலை எம்.ஆர்.டி ஸ்கேன் படம் எடுக்க நேரம் குறித்து ஒரு டெர்மின் கிடைத்திருக்கிறது. யாரோ வர முடியாது என்று விட்ட இடம் அது. அதை விட்டால் அடுத்தது கிடைக்க வாரக்கணக்கில் ஆகும் என்றாள் தொலைபேசியில் கதைத்த பெண். இன்று திங்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் போகலாம்.

இதை உனக்கு மட்டும் எழுதி முடித்திருக்கலாம். ஆனால் இங்கே பிள்ளைகளை லாக்ரோஸ் விளையாட விட்டிருக்கும் நம்முடைய ஆட்கள் சிலர் ஒரே கேள்வியோடு என்னைப் பிடிக்கிறார்கள். "அக்கா, உந்த அமெரிக்க ஷோகேஸுக்கு இவ்வளவு செலவழிச்சு அனுப்பத்தான் வேணுமோ?" உன்னை ஒருமுறை அனுப்பியவள், இப்போது இவளையும் அனுப்பப் போகிறவள், எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும் என்று நினைக்கிறார்கள். நான் இதுவரை சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். இனி மழுப்ப முடியாது. ஆரணி இதை வாசித்துவிட்டாள். "எல்லாருக்கும் அனுப்புங்கோ, ஆனா முதல்ல அண்ணா வாசிக்கட்டும்" என்றாள். அதனால் இது முதலில் உனக்கு, பிறகு அவர்களுக்கும்.

நீ பள்ளிக்கூடத்திலிருந்து அந்த வலை கட்டிய லாக்ரோஸ் தடியை முதல்முதலாகக் கொண்டுவந்த நாளில் அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதென்ன அத்தாங்கோ? ஆத்தில இறால் பிடிக்கப் போறியோ?" என்று கேட்டார். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்முற்றத்துக்குப் போய்ச் சுவரில் பந்தை எறிந்து எறிந்து பிடித்தாய். கீழ்வீட்டு மனுசி சத்தத்துக்கு முறைப்பாடு செய்யும்வரை பிடித்தாய். எனக்கு அந்த விளையாட்டின் சட்டம் ஒன்றும் விளங்கவில்லை, இன்றைக்கும் முழுசாக விளங்கவில்லை. ஆனால் நீ பசியோடு வீட்டுக்கு வந்தாய், வந்து கேட்காமலே கதைத்தாய். பதின்மூன்று வயதுப் பையன் கேட்காமலே தாயிடம் கதைக்கிறான் என்றால் அந்த விளையாட்டு நல்ல விளையாட்டுத்தான் என்று நான் முடிவு கட்டினேன். நாலு வருசம் கழித்து உன் கையில் வந்து சேர்ந்த அந்த அழைப்பில்தான் எங்கள் புத்தி பிசகியது.

"உங்கள் மகன் தெரிவு செய்யப்பட்டுள்ளார்" என்று அதில் இருந்தது. தெரிவு என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு ஐந்தாம் வகுப்புப் புலமைப் பரிசில் பரீட்சைதான் ஞாபகம் வந்தது. பிள்ளை நன்றாக எழுதினால் வெட்டுப்புள்ளியைத் தாண்டும், தாண்டினால் கிடைக்கும், அவ்வளவுதான். ஷோகேஸ் என்றால் என்னவென்று நீ விளக்கினாய். ஒரு வார இறுதி முழுக்கப் பிள்ளைகளுக்கு இலக்கம் போட்ட சட்டை கொடுத்து, முன்பின் தெரியாதவர்களோடு அணி சேர்த்து விளையாட விடுவார்கள். பல்கலைக்கழகப் பயிற்சியாளர்கள் மைதான ஓரத்தில் மடக்குக் கதிரைகளில் இருந்து பார்த்து எழுதிக்கொள்வார்கள். பிடித்தால் தங்கள் அணிக்குக் கேட்பார்கள், படிப்புச் செலவில் ஒரு பங்கைத் தாங்குவார்கள். நீ "ஒரு பங்கு" என்றுதான் சொன்னாய். என் காதில் "முழுக்க" என்று விழுந்ததற்கு உன்னைக் குற்றம் சொல்ல முடியாது. காசு கட்டக்கூடிய பிள்ளைகளில் கனபேருக்கு அதே அழைப்பு வந்திருக்கும் என்பதும் எனக்குத் தோன்றவில்லை. நாங்கள் அதைப் பெறுபேறு மாதிரி சாமித்தட்டில் வைத்துக் கும்பிட்டோம்.

அடுத்து நான் செய்ததுதான் எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டாத வேலை. "ஒருத்தருக்கும் சொல்லாத. கைக்கு வந்தாப் பிறகு சொல்லுவம், நாவூறு படும்" என்றேன். விசா வரும்வரை வெளிநாடு போவதைச் சொல்வதில்லை, நாலாம் மாதம் வரும்வரை பிள்ளை வயிற்றில் இருப்பதைச் சொல்வதில்லை, நாள் குறிக்கும்வரை சம்பந்தம் பேசுவதைச் சொல்வதில்லை. இதையும் அந்த வரிசையில் சேர்த்தேன். சொந்தக்காரருக்குச் சொல்லாமல் விட்டது போதாதென்று கிளப்பில் அப்போது உன்னையும் பயிற்றிய பிரிட்டாவுக்கும் சொல்லக் கூடாது என்று உன்னிடம் வாக்கு வாங்கினேன். கனடாவில் பெரியம்மா வீட்டுக் கல்யாணம் என்று பொய்யையும் நானே செய்து தந்தேன். நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது, வயிறும் எரிகிறது. பிள்ளையை ஊரார் பார்க்கவேண்டும் என்று கடல் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்துகிறோம், அதே நேரம் ஒருவரும் பார்த்துவிடக் கூடாது என்று பொத்திப் பொத்தி வைக்கிறோம்.

அந்த மைதான ஓரத்தில் நான் நின்ற நிலை உனக்கு நினைவிருக்கும். நீ பந்தோடு ஓடினாய், நான் உன்னைப் பார்க்கவில்லை. கதிரைகளில் இருந்தவர்களின் பேனாக்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எழுதினால் ஏன் எழுதினார், எழுதாவிட்டால் ஏன் எழுதவில்லை. அவர்கள் எங்களோடு கதைக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. இந்த இடத்தில் பெற்றோரோடு கதைக்க அவர்களுக்கு அனுமதியில்லை என்று பக்கத்தில் நின்ற ஒரு தகப்பன் சொன்னார். இரண்டாம் நாள் நீ ஒரு பந்தைத் தவறவிட்டுவிட்டு என்னைத்தான் திரும்பிப் பார்த்தாய். நான் என்ன முகத்தோடு நின்றேன் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு நீ என் பக்கம் திரும்பவே இல்லை.

திரும்பி வந்து சில வாரத்தில் பிரிட்டா எங்களைக் கூப்பிட்டாள். அங்கே வந்திருந்த ஒரு பயிற்சியாளர் உன்னைப் பற்றிக் கேட்டு அவளுக்கு எழுதியிருந்தார். பிள்ளை எப்படி, பயிற்சிக்கு ஒழுங்காக வருவானா, அவனை நம்பலாமா என்று கேட்டிருந்தார். "நீ கல்யாணத்துக்குப் போயிருந்ததாகத்தான் எனக்குத் தெரியும். அதை அப்படியே எழுதிவிட்டேன். எனக்குச் சொல்லியிருந்தால் நீ போகும் முன்பே அவர்களுக்கு எழுதி, வந்து பாருங்கள் என்று கேட்டிருப்பேன். தெரியாத பிள்ளையை அங்கே யாரும் தேடிப்பிடிப்பதில்லை. தெரிந்த பிள்ளையை ஒருமுறை நேரில் பார்க்கத்தான் அவர்கள் வருகிறார்கள்" என்றாள். கோபத்தோடு சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது. அந்தப் பயிற்சியாளர் பிறகு எழுதவில்லை. அந்தப் பொய்யால்தான் எழுதவில்லை என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன், உன்னைவிட நன்றாக விளையாடிய ஒருவன் கிடைத்திருக்கலாம். ஆனால் ரயிலில் வரும்போது நீ என்னை ஒரு சொல் ஏசவில்லை. "பரவாயில்லை அம்மா" என்றாய். நீ கத்தியிருந்தால் நான் அழுது முடித்திருப்பேன்.

இப்போது கார்ல்ஸ்ரூஹேயில் நல்ல வேலையில் இருக்கிறாய். ஆரணிக்கு நீயே எல்லாம் செய்கிறாய். இந்த முறை நீ எதையும் ஒளிக்கவில்லை, அதை நான் எல்லாருக்கும் முன்னால் சொல்கிறேன். பிரிட்டாவோடு இருந்து யோசித்து, ஆரணி விளையாடும் காணொளிகளை வெட்டி ஒட்டி, அவளுக்குப் படிக்க விருப்பமான பாடம் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் எழுதவைத்தாய். இரண்டு பயிற்சியாளர்கள் பதில் போட்டிருக்கிறார்கள், அவளைப் பார்க்க வருவதாக. என்னைக் கேட்கும் பெற்றோருக்கு முதற்பதில் இதுதான். இப்படி எழுதி, இப்படிப் பதில் வந்த பிறகு போனால், அந்தச் செலவுக்கு ஓர் அர்த்தம் இருக்கலாம். அழைப்பு வந்தது, போய் நின்றால் யாராவது கண்டுகொள்வார்கள் என்று போனால், பிள்ளைக்கு ஒரு பயணமும் ஒரு சட்டையும் மிஞ்சும். அதைவிட அந்தக் காசில் இங்கேயே விடுமுறைக்குப் போய்வரலாம், சண்டையாவது பிடிக்கமாட்டீர்கள்.

இரண்டாவது பதில்தான் எனக்கு இந்தச் சனிக்கிழமைவரை தெரிந்திருக்கவில்லை. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் படியில் ஒற்றைக் காலை முதலில் வைத்து, மற்றதைப் பக்கத்தில் சேர்த்து, கைப்பிடியைப் பிடித்தபடி இறங்குகிறவர்களை நான் நாளாந்தம் பார்க்கிறேன். சனிக்கிழமை காலை அழுக்குத் துணிக் கூடையோடு நிலவறைக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் உன் தங்கச்சி அப்படி இறங்கினாள். நான் பின்னால் வருவது அவளுக்குத் தெரியவில்லை.

"என்னடி காலுக்கு?"

"ஒண்டுமில்லை அம்மா."

"ஒண்டுமில்லாதவள் ஏன் நண்டு மாதிரி இறங்கிறாய்? காட்டு."

காட்டவில்லை. கூடையை வாங்கிக்கொண்டு ஓடப் பார்த்தாள், ஓட முடியவில்லை. படியிலேயே இருந்துவிட்டாள். பயிற்சியில் திரும்பும்போது உள்ளே ஏதோ இழுபட்டதாம். அதற்குப் பிறகு சில நேரம் முழங்கால் பூட்டுப்போட்டது மாதிரி நின்றுவிடுகிறதாம். பயிற்சி முடிந்ததும் கழிப்பறைக்குள் போயிருந்து பனிக்கட்டி வைத்துவிட்டு, சிரித்த முகத்தோடு வெளியே வருகிறாளாம்.

"ஏன் சொல்லேல்லை?"

"அண்ணா டிக்கெட் எடுத்திட்டார்."

"டிக்கெட் எடுத்தா? காசு கட்டின பிறகு உனக்கு நோகக் கூடாதோ?"

"அண்ணாவுக்குச் சொல்லாதேங்கோ அம்மா. அவர் ஏசினாக்கூட எனக்குக் காரியமில்லை. ஏச மாட்டார். பரவாயில்லை எண்டுதான் சொல்லுவார். அதைக் கேக்க என்னால ஏலாது."

தம்பி, அவளை எங்கே அடிப்பது, எங்கே கட்டிப்பிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன்.

ஒன்று சொல்கிறேன், என்னைப் பற்றிக் குறைவாக நினைத்தாலும் பரவாயில்லை. அன்று முழுக்க நானும் உனக்குச் சொல்லாமல் விடத்தான் வழி பார்த்தேன். இறுக்கிக் கட்டுப்போட்டால் ஒரு வார இறுதி தாங்காதா, நோவுக்குக் குளிசை போட்டால் ஆகாதா, வந்த பிறகு படம் எடுத்தால் என்ன குறைந்துபோகும். இரண்டு பயிற்சியாளர்கள் இவளைப் பார்க்க என்றே வருகிறார்கள், இனி எப்போது வருவார்கள். இப்படித்தான் என் மனம் ஓடியது. அவளும் அதையே சொன்னாள். "கனபேர் கட்டுப்போட்டுத்தான் விளையாடுகினம் அம்மா" என்று சொல்லி, வீட்டு நடைபாதையில் ஓடிக்காட்டினாள். திரும்பும்போது சுவரைப் பிடித்தாள். பிடித்த கையை உடனே எடுத்துத் தலைமயிரை ஒதுக்கினாள், நான் காணவில்லை என்று நினைத்துக்கொண்டு. அதற்குப் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. என் பிள்ளை எனக்கு முன்னால் நடிக்கிறாள், நான் இருந்து பார்க்கிறேன்.

அப்பா வேலைக்குப் போக உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் சொன்னேன். அவர் சப்பாத்தைக் கட்டி முடித்தார். "தம்பிக்குச் சொல்லு. பிரிட்டாவுக்கும் சொல்லு. ஒளிச்சுப் பாத்தது ஒருக்காப் போதும்" என்றார். ஆரணி என்னைத் தடுக்க முன்பே பிரிட்டாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். பிரிட்டா ஞாயிறு என்றும் பாராமல் வந்து முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஆரணியை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, "இந்தக் காலோடு நான் அவளைப் பயிற்சிக்கே விடமாட்டேன்" என்றாள். இன்று காலை குடும்ப வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சவ்வு கிழிந்திருக்கலாம், படம் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது, படம் பார்க்கும்வரை ஓடக் கூடாது என்றார். இந்த நிலையில் விளையாடினால் என்ன ஆகும் என்று ஆரணியே கேட்டாள். "ஒன்றும் ஆகாமலும் போகலாம். இனி விளையாடவே முடியாமலும் போகலாம்" என்றார். வெளியே வரும்வரை என் கையைப் பிடித்திருந்தாள். பதினேழு வயதாகிறது, ஆட்களுக்கு முன்னால் என் கையைப் பிடித்து எத்தனையோ வருசம்.

இப்போது என்னிடம் கேட்கும் பெற்றோருக்கு என் இரண்டாவது பதில் இது. செலவு அதிகமோ குறைவோ என்பதை உங்கள் வீட்டுக் கணக்குப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள், என்னைக் கேட்காதீர்கள். கட்டுவதற்கு முன் பிள்ளையிடம் ஒன்றைச் சொல்லுங்கள். கட்டிய பிறகும் உனக்கு நோகலாம், கட்டிய பிறகும் உனக்கு விருப்பமில்லாமல் போகலாம், விமானப் படியில் கால் வைத்த பிறகும் வேண்டாம் என்று சொல்லலாம் என்று வாயால் சொல்லுங்கள். பிள்ளைக்குத் தெரியும்தானே என்று விடாதீர்கள், தெரியாது. எங்கள் வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்கு அப்பா எத்தனை மேலதிக வேலை செய்தார், அம்மா எதை வாங்காமல் விட்டாள் என்பதெல்லாம் நாங்கள் சொல்லாமலே தெரியும். சொல்லாமல் தெரியாத ஒன்றே ஒன்று இதுதான். இதைச் சொல்ல உங்களுக்கு மனம் வராவிட்டால், அந்தச் செலவு உங்களுக்குக் கட்டாது. கையில் எவ்வளவு காசிருந்தாலும் கட்டாது.

இனி உனக்கு மட்டும். நீ ஏன் இவ்வளவு பாடுபட்டாய் என்று எனக்குத் தெரியும். உனக்குக் கிடைக்காததை அவளுக்கு எடுத்துக் கொடுக்கப் பார்த்தாய். அண்ணன் செய்கிற வேலைதான், அதில் எனக்குப் பெருமை. ஆனால் நான் அவளிடம், "உனக்கு அங்க போய்ப் படிக்க விருப்பமோ?" என்று நேற்றுத்தான் முதல்முதலாகக் கேட்டேன். "இருக்கலாம். அண்ணா அவ்வளவு சந்தோசமா இருந்தார், நான் அதைப் பற்றி யோசிக்கேல்லை" என்றாள். நீ என்னைக் கோபிக்காதே, நானும் கேட்காமல்தான் இருந்தேன். அவளுக்குக் கால் சுகமாகி, அவளே யோசித்து, பிறகும் போகவேண்டும் என்றால், நான் முதல் ஆளாக நின்று அனுப்புவேன். அப்போதும் இந்தப் பயிற்சியாளர்கள் வருவார்களா என்று எனக்குத் தெரியாது. வராமலும் போகலாம். அதை நினைக்க எனக்குக் கவலைதான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

வியாழக்கிழமை அவளை நான் படம் எடுக்கத்தான் கூட்டிக்கொண்டு போவேன். பிராங்பேர்ட்டுக்கு ரயில் ஏற்றமாட்டேன். நீ புதன் மாலையே காரை எடுத்துக்கொண்டு இங்கே வா. வந்து அவளை ஏசவேண்டும் போலிருந்தால் ஏசு. ஒரு மாதமாக ஒளித்தாளே, அது பிழைதான், அதை நீ சொல்லத்தான் வேண்டும். டிக்கெட் வீணாய்ப் போனதற்கு உனக்கு வயிறு எரிந்தால் அதையும் சொல். எரியவில்லை என்று மட்டும் சொல்லாதே. உன் முகத்தில் அது தெரியும், அவள் நம்பமாட்டாள்.

அந்த இரண்டு பயிற்சியாளர்களுக்கும் இன்று பின்னேரம் அவள் கடிதம் எழுதிவிட்டாள். எனக்கு முன்னால் மேசையில் இருந்துதான் எழுதினாள். முழங்காலில் காயம், இந்த முறை வர முடியாது, பார்க்க வருவதாகச் சொன்னதற்கு நன்றி என்று, யாரையும் கேட்காமல் தானே எழுதினாள். இன்னும் அனுப்பவில்லை. "அண்ணா ஓம் எண்டு சொன்னாப் பிறகு அனுப்பிறன்" என்கிறாள். இது உன்ரை கால், அண்ணாவின்ரை கால் இல்லை என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன், கேட்கிறாளில்லை. காலை நீட்டி வைத்து, தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறாள். அவளைக் கூப்பிடு.